வெண்கோலுடன் எச்சரிக்கைக் கருவியைச் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி?

பார்வையற்றவர் நடந்து செல்லும்போது எதிரில் உள்ள தடையை முன்கூட்டியே அறிவிக்கும் கருவிகள் இன்று பல வடிவங்களில் வந்துவிட்டன. வெண்கோலின் கைப்பிடியில் பொருத்துவது, மணிக்கட்டில் கட்டுவது, மார்பில் தொங்கவிடுவது, மூக்குக்கண்ணாடியில் மாட்டுவது, கைப்பேசியில் செயலியாக இயங்குவது என அவற்றின் தோற்றம் வேறுபட்டாலும் வேலை ஒன்றுதான்: அருகில் ஏதோ இருப்பதைக் கண்டு, அதிர்வாலோ ஒலியாலோ அதை நமக்குச் சொல்வது. அப்படிப்பட்ட கருவியைப் புதிதாக வாங்க எண்ணுபவருக்காகவும், வாங்கிச் சில நாள் பயன்படுத்திவிட்டு அலமாரியில் வைத்துவிட்டவருக்காகவும், இவர்களுக்கு நடமாட்டப் பயிற்சி அளிப்பவருக்காகவும் இதை எழுதுகிறேன். நானும் பல ஆண்டுகளாக வெண்கோலுடன் நடப்பவன். அதில் ஒரு கருவியையும் பொருத்தியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருவி அதிர்ந்தால் எதிரில் ஏதோ இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அது அதிராமல் இருப்பதை வைத்துப் பாதை காலியாக இருக்கிறது என்று ஒருபோதும் முடிவு செய்யக் கூடாது. கருவியின் அமைதிக்கு எத்தனை காரணங்கள் உண்டு என்பதைக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி. விற்பவர்கள் கருவி எதையெல்லாம் கண்டுபிடிக்கும் என்று மட்டும் சொல்வதால், இதை நாமேதான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நான் இதைக் கற்றது ஒரு மாலை நேரத்தில், நன்கு பழகிய தெருவில். தோளிலிருந்து பை நழுவியதால் நின்று, கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையைச் சரிசெய்துவிட்டு மீண்டும் நடந்தேன். பத்தடி போவதற்குள், நிறுத்தியிருந்த சரக்கு வண்டி ஒன்றில் பாதி தாழ்ந்தபடி சங்கிலியில் நின்ற பின்பலகையின் விளிம்பு என் தாடையில் இடித்தது. பலகைக்குக் கீழே கோல் தடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தது. கருவியோ சிறு அதிர்வு கூடத் தரவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டே கைப்பிடியைத் தடவிப் பார்த்தபோது காரணம் விரலுக்குத் தட்டுப்பட்டது. கக்கத்தில் இடுக்கியபோது கருவியின் பட்டை ஒரு கட்டைவிரல் அகலம் சுழன்றுவிட்டிருந்தது. சென்சார் பக்கவாட்டில் காலியான தெருவை நோக்கிக்கொண்டிருந்தது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. தான் நோக்கிய திசையில் ஒன்றுமில்லை என்பதை அது சரியாகவே தெரிவித்திருந்தது.

வாங்கும் முன் உங்கள் இடிகளைக் கணக்கெடுங்கள்

எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன், எந்த ஆபத்து உங்களை உண்மையில் தொல்லைப்படுத்துகிறது என்று பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு, எதிலாவது மோதினாலும், மோதப் போய்த் தப்பினாலும், தடுமாறினாலும், அன்றைக்கே கைப்பேசியில் ஒரு குரல்குறிப்பாகப் பதிந்துவையுங்கள். எதில் மோதினீர்கள், உடலின் எந்த உயரத்தில் பட்டது, அப்போது கோல் என்ன செய்துகொண்டிருந்தது என்ற மூன்று விவரங்கள் போதும்.

இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்டு ஹூவர் என்பவர் வகுத்த நீள்கோல் முறைதான் இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. தோள் அகலத்தை விடச் சற்றே கூடுதலாகக் கோலை இடவலமாக வீசி, வலக்காலை எடுத்துவைக்கும்போது நுனி இடப்பக்கமும் இடக்காலை எடுத்துவைக்கும்போது வலப்பக்கமும் தரையைத் தொடும்படி நடப்பதே அந்த முறை. அது அடுத்து கால் படப்போகும் தரையை முன்பே தொட்டுப் பார்த்துவிடுகிறது. பள்ளம், படி, நடைபாதையின் விளிம்பு, தரையிலிருந்து எழும் கம்பம் ஆகியவற்றை இதைவிட நம்பகமாகச் சொல்லும் மின்னணுக் கருவி எதையும் நான் அறியேன். ஆனால் இடுப்புக்கு மேலே தொங்குபவற்றைக் கோல் அறியாது. மரக்கிளை, தாழ்வான பெயர்ப்பலகை, வெளிப்புறம் திறக்கும் சன்னல் கதவு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி, மாடிப்படியின் சாய்ந்த அடிப்பகுதி போன்றவை முகத்துக்கே வந்துவிடும். பார்வையற்றவர்களும் மிகக் குறைந்த பார்வை உடையவர்களுமாக முந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 13 சதவீதத்தினர் மாதத்துக்கு ஒருமுறையேனும் தலை உயரத்தில் மோதிக்கொள்வதாகத் தெரிவித்திருக்கிறார்கள்.

உங்கள் குறிப்புகளைத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலான இடிகள் இடுப்புக்கு மேலே பட்டவை என்றால், இத்தகைய கருவி உங்களுக்கு உதவும். பள்ளங்களில் தடுமாறியவையே அதிகம் என்றால், கருவிக்குச் செலவிடும் முன் கோல் வீசும் முறையையும் கோலின் நீளத்தையும் பயிற்சியாளர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வீச்சு ஒரு பக்கம் குறுகிவிட்டிருப்பது நமக்கே தெரியாமல் நேரும் பழக்கம்.

கருவி எப்படி அறிகிறது, எங்கே ஏமாறுகிறது

இந்தக் கருவிகளில் பழைய வகையும் இன்றும் மிகப் பரவலான வகையும் மீயொலியால், அதாவது மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியால், இயங்குபவை. வௌவாலைப் போல ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கையடக்கக் கருவி ஒன்றை லெஸ்லி கே என்ற பொறியாளர் 1960-களிலேயே உருவாக்கினார். ஐஐடி தில்லியில் உருவாகி 2014-இல் வெளிவந்த, வெண்கோலில் பொருத்தும் ஸ்மார்ட்கேன் என்ற கருவியும் இதே அடிப்படையில் இயங்குவதுதான். மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரையே கேட்கும். பெரும்பாலான மீயொலிச் சென்சார்கள் 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புவதால் நமக்கு அது கேட்பதில்லை. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. மூன்று மீட்டர் தொலைவில் ஒரு சுவர் இருந்தால் ஒலி போய்த் திரும்ப 17 அல்லது 18 மில்லி விநாடி ஆகும். அந்த இடைவெளியை அளந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. தூரம் குறையக் குறைய அதிர்வு அடுக்கடுக்காக விரைவுபடும்.

இதிலிருந்தே அதன் குறைகளும் விளங்கும். எதிரொலி திரும்பி வந்தால்தான் கருவிக்குச் செய்தி உண்டு. மென்மையான துணி, கம்பளி, பஞ்சு உறையிட்ட பொருள் ஆகியவை ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் திரைச்சீலையும் தடித்த மேலாடை அணிந்தவரும் மிக அருகில் வந்த பிறகே தெரியக்கூடும். வழவழப்பான பரப்பு சாய்வாக இருந்தால், கண்ணாடியில் பட்ட ஒளி வேறு பக்கம் தெறிப்பதைப் போல ஒலியும் விலகிப் போய்விடும். நேருக்கு நேர் நின்றால் நன்றாக அதிரவைக்கும் அதே உலோகக் கதவு, பாதி திறந்து கோணலாக நிற்கும்போது கருவிக்கு இல்லாததாகிவிடுகிறது. பாதித் திறந்த கதவின் விளிம்புதான் நெற்றியைப் பிளப்பது என்பதால் இந்தக் குறையை நான் மிகப் பெரியதாக எண்ணுகிறேன். மெல்லிய கம்பி, துணி உலர்த்தும் கயிறு, வழியை மறித்துக் கட்டிய சங்கிலி ஆகியவற்றிலிருந்து திரும்பும் ஒலி மிகக் குறைவு. இவை தவிர, முன்னோக்கிப் பொருத்திய கருவி தரையில் உள்ள பள்ளத்தை அறியாது. பள்ளம் என்பது எதிரொலிக்கும் பொருள் இல்லாத இடம்தானே.

லேசர் ஒளியைக் கொண்டு தூரம் அளப்பவை லைடார் வகை. 2020-இல் வெளிவந்த ஐபோன் 12 புரோவிலிருந்து ஆப்பிள் நிறுவனம் தன் உயர்நிலைக் கைப்பேசிகளில் இதைச் சேர்த்தது. அதன் உருப்பெருக்கிச் செயலி, அருகில் வரும் மனிதரின் தூரத்தை அதைக் கொண்டு சொல்லும். ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை அது எட்டும். ஒளியை ஊசி போல மெல்லிதாகச் செலுத்த முடிவதால் கம்பத்துக்கும் அதன் பக்கத்திலுள்ள இடைவெளிக்கும் உள்ள வேறுபாட்டை லைடார் மீயொலியை விட நன்றாகப் பிரித்தறிகிறது. ஆனால் தெளிவான கண்ணாடிச் சுவரை ஊடுருவி ஒளி போய்விடும். மீயொலிக்கு நேர்நின்ற கண்ணாடிச் சுவர் மிக எளிய தடை. லைடாருக்கு அதுவே மிகக் கடினம்.

கேமராவும் உருவம் அறியும் மென்பொருளும் சேர்ந்தவை மூன்றாவது வகை. 'நாற்காலி', 'மிதிவண்டி', 'படிக்கட்டு' என்று பெயர் சொல்லும் திறன் இவற்றுக்கே உண்டு. ஆனால் வெளிச்சம் வேண்டும். லென்ஸில் விரல்ரேகை படிந்திருக்கக் கூடாது. மென்பொருளுக்குக் கற்பிக்கப்படாத பொருள் அதற்குப் பொருளே அல்ல. வார்த்தையைப் பேசி முடிக்கவும் நேரம் ஆகிறது. நடக்கும்போது எனக்கு அதிர்வே போதுமானதாக இருக்கிறது. புதிய இடத்தில் நின்று சுற்றிலும் என்ன இருக்கிறது என்று அறியத்தான் கேமராவை நாடுகிறேன்.

மூன்று மீட்டர் என்பது எவ்வளவு நேரம்

கருவியின் விவரத்தாளில் எட்டும் தூரத்தை மீட்டரில் தருவார்கள். அதை உடனே விநாடியாக மாற்றிப் பாருங்கள். சாதாரணமாக நடப்பவரின் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டரில் அதிரத் தொடங்கும் கருவி உங்களுக்கு இரண்டரை விநாடி தருகிறது. அதிர்வை உணர்ந்து, அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டு, எடுத்துவைத்த காலை நிறுத்த ஒரு விநாடி பிடித்தால் மீதம் ஒன்றரை விநாடி, தாராளமாகப் போதும். ஒரு மீட்டரில்தான் அதிர்கிறது என்றால் ஒரு விநாடிக்கும் குறைவாகவே கிடைக்கும். அப்போது வேகத்தைக் குறைத்து நடப்பது ஒன்றே வழி.

இதே கணக்கை வாகனத்துக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்குப் பத்து மீட்டர் கடக்கிறது. மூன்று மீட்டர் எட்டும் கருவி அதைக் கண்டு அதிர்ந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். ஆகவே கோலிலோ உடலிலோ அணியும் இத்தகைய கருவி வாகனத்திலிருந்து காப்பதற்கானது அல்ல. நின்றிருப்பவற்றையும் மெல்ல நகர்பவற்றையும் அறிவிப்பதே அதன் வேலை. இதைப் புரிந்துகொள்ளாமல் சாலையில் இறங்குவதுதான் கருவியால் நேரக்கூடிய மிகக் கொடிய தவறு. புதிதாக வாங்கிய ஒவ்வொருவரிடமும் நான் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லச் செய்கிறேன்.

தேர்ந்தெடுக்கும்போது

அதிர்வா, ஒலியா என்ற கேள்விக்கு என் விடை தெளிவானது: தெருவில் அதிர்வு. நமக்குக் காது வெறும் கேட்கும் உறுப்பன்று. வண்டியின் திசை, கட்டடங்களுக்கு இடையே திறக்கும் சந்து, சுவரின் அண்மை, எதிரில் வருபவரின் காலடி எல்லாம் அதன் வழியாகவே வருகின்றன. அதன்மீது ஓயாத பீப் ஒலியை ஏற்றுவது, பார்வையுள்ளவரின் கண்ணெதிரே கையை ஆட்டிக்கொண்டே இருப்பதைப் போன்றது. வழிகாட்டும் செயலியையும் கேட்க வேண்டியிருந்தால், காதுத்துளையை அடைக்காமல் கன்னத்து எலும்பின் வழியே ஒலி தரும் ஹெட்போனைப் பயன்படுத்துங்கள்; அதிலும் ஒலியளவைத் தெருவின் இரைச்சலுக்குக் கீழே வைத்திருங்கள். செவித்திறனும் குறைந்தவருக்கு அதிர்வைத் தவிர வேறு வழியே இல்லை.

ஆனால் அதிர்வு எங்கே வருகிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். கோல் கரடுமுரடான தரையில் உரசும்போது, அதிலும் உருளும் நுனி பொருத்திய கோலில், தரையின் நடுக்கம் கைப்பிடி வரை ஏறிவந்து கருவியின் அதிர்வை விழுங்கிவிடும். உங்கள் அன்றாட வழியில் கரடுமுரடான தரை அதிகமென்றால், மணிக்கட்டிலோ மார்பிலோ அதிரும் கருவியை முயன்று பாருங்கள். அல்ட்ராகேன் என்ற கருவியின் கைப்பிடியில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு அதிரும் பொத்தான்கள் உண்டு. ஒன்று எதிரில் இருப்பதையும் மற்றொன்று தலை உயரத்தில் இருப்பதையும் சொல்லும். அப்படி உயரத்தைப் பிரித்துச் சொல்லும் கருவியானால், குனிவதா ஒதுங்குவதா என்று நின்று யோசிக்க வேண்டியதில்லை. நீரிழிவால் விரல்நுனியின் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். கடையில் இருவிரலால் உணர முடிந்த அதிர்வு, கோலைப் பிடித்து நடக்கும்போது உணர முடியாமல் போகலாம்.

எடையையும் மறக்காதீர்கள். கைப்பிடியில் கூடும் எடை ஒவ்வொரு வீச்சிலும் மணிக்கட்டில் ஏறும். கால் மணி நேரம் வீசிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். எட்டும் தூரத்தை மாற்றும் பொத்தானைக் கையுறை அணிந்தும், ஒரு கையாலும் இயக்க முடிகிறதா, மின்கலம் தீரும் நிலையை விளக்கால் அல்லாமல் அதிர்வாலோ ஒலியாலோ சொல்கிறதா, மழையில் நனையலாமா என்பவற்றைக் கேளுங்கள். பார்வையற்றவருக்கான கருவி மின்கல நிலையைச் சிவப்பு விளக்கால் காட்டுவதை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட கருவியை வடிவமைத்தவர்கள் பயன்படுத்துபவரிடம் பேசவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பொருத்துதல்

உங்கள் இயல்பான பிடியில் கோலைப் பிடித்து நில்லுங்கள். உங்கள் உயரத்துக்கு ஏற்ப, கருவி நெஞ்சையும் தலையையும் காக்கும் வகையில் அதன் சாய்வை அமைக்க வேண்டும். இதற்கு உதவிக்கு ஒருவர் தேவை. அவர் ஒரு தட்டையான அட்டையை உங்கள் முகத்துக்கு நேராக இரண்டு மீட்டர் தொலைவில் பிடிக்கட்டும், அதிர வேண்டும். அட்டையை உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே உயர்த்தட்டும். அப்போது அதிர்வு நிற்க வேண்டும். அங்கேயும் அதிர்ந்தால் வாசல்நிலையும் தாழ்வான கூரையும் ஓயாமல் தொல்லை தரும். முகத்துக்கு நேரே அதிராவிட்டால் சாய்வை மேலே ஏற்றுங்கள்.

சரியான நிலை கிடைத்ததும், பட்டையின் ஓரத்திலிருந்து கோலின் மீது தொடர்ந்து செல்லும்படி ஒரு தடித்த நூலையோ மேடான புள்ளி ஒட்டுத்தாளையோ ஒட்டி, இரண்டும் நேர்க்கோட்டில் இருப்பது கட்டைவிரலுக்குத் தெரியும்படி செய்துவிடுங்கள். வெளியே இறங்கும் ஒவ்வொரு முறையும், கோலைக் கைமாற்றிய ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் அந்தக் கோட்டைத் தடவ வேண்டும். ஒரு விநாடிதான் ஆகும். தாடையில் பட்ட அந்த மாலைக்குப் பிறகு இதைச் செய்யாமல் நான் வாசல்படி தாண்டியதில்லை.

வீட்டுக்குள்ளே தொடங்கும் பயிற்சி

முதல் நாளிலேயே தெருவுக்குப் போக வேண்டாம். வெறும் சுவர் ஒன்றின் முன் முதுகை நிமிர்த்தி நின்று, சுவரைத் தொட்டுவிட்டு, அடிமேல் அடி வைத்துப் பின்னே வாருங்கள். அதிர்வு எந்த அடியில் தளர்கிறது, எந்த அடியில் நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு தூரத்திலிருந்து சுவரை நோக்கி நடந்து, அதிர்வைக் கொண்டே கைநீட்டும் தூரத்தில் நின்று, கையை நீட்டிச் சரிபாருங்கள். பத்து முறை செய்தால் எட்டு முறையாவது விரல்நுனி சுவரைத் தொடும் நிலை வரும்வரை இதைத் தொடருங்கள். நாள்தோறும் கால் மணி நேரம் செய்தால் ஒரு வாரத்தில் அதிர்வு எண்ணிக்கையாக இல்லாமல் தூரமாகவே உணரப்படும்.

அடுத்து வருவது என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமான பயிற்சி. கருவி எதற்கெல்லாம் அதிராது என்பதை உங்கள் கையாலேயே கண்டுபிடியுங்கள். கதவைப் பாதி திறந்துவைத்து, அதன் விளிம்பை நோக்கி மெல்ல நடந்து வாருங்கள். ஒரு கையை முகத்துக்கு முன் குறுக்காக மடித்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். எவ்வளவு அருகில் வந்த பிறகு அதிர்கிறது, அல்லது அதிராமலே கை கதவைத் தொட்டுவிடுகிறதா என்று பாருங்கள். கயிற்றில் ஒரு தடித்த துண்டைத் தொங்கவிட்டு நடங்கள். பின் அதே இடத்தில் அட்டையைத் தொங்கவிட்டு நடங்கள். வேறுபாட்டை உங்கள் தோலே சொல்லும். எதையும் தொங்கவிடாமல் வெறும் கயிற்றை நோக்கியும் நடங்கள். நாற்காலியை முதுகுப்புறமாகவும் பக்கவாட்டாகவும் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக் கதவு இருந்தால் நேராகவும் சாய்வாகவும் அணுகுங்கள். இந்த ஒவ்வொன்றையும், மோதாமல், நிதானமாக, சிரித்துப் பேசிக்கொண்டே செய்ய முடிகிற இடம் வீடு ஒன்றுதான். இப்படிச் சேர்த்த பட்டியல் உங்கள் கருவிக்கும் உங்கள் உயரத்துக்கும் உங்கள் நடைக்கும் மட்டுமே உரியது; எந்தக் கையேட்டிலும் அது கிடைக்காது.

மூன்றாவதாக, கூட்டமில்லாத வழி ஒன்றை எடுத்துக்கொண்டு, பயிற்சியாளரோ வீட்டார் ஒருவரோ இரண்டடி பின்னே வர, நடந்து பாருங்கள். உடன் வருபவரிடம் முன்பே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: ஆபத்து இல்லாத வரை அவர் எதுவும் சொல்லக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அன்பால் வாய் திறந்துவிடுகிறார்கள். அதனால் கற்பவரின் கவனம் கருவியிலிருந்து பின்னால் வரும் குரலுக்குப் போய்விடுகிறது. உண்மையான ஆபத்தென்றால் 'நில்லுங்கள்' என்ற ஒரே சொல் போதும். 'பார்த்து, பார்த்து' என்ற கூவலால் எந்தப் பக்கம் விலகுவது என்று யாருக்கும் தெரிவதில்லை.

அதிர்வு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரே ஒழுங்காகப் பழக்கிக்கொள்ளுங்கள். முதலில் வேகத்தைக் குறையுங்கள். கோலின் வீச்சை நிறுத்தாமல், கைப்பிடியைச் சற்றே இடமும் வலமும் திருப்பி, எந்தப் பக்கம் அதிர்வு நின்றுபோகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் கோலால் தரையைச் சோதித்த பிறகே காலை வையுங்கள். ஏனெனில் அதிர்வில்லாத பக்கம் சாக்கடையாகவும் இருக்கலாம். கருவி காட்டிய வழியைக் கோல் ஒப்புக்கொள்ளாமல் கால் போகக் கூடாது.

கூட்டத்தில் எட்டும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நெரிசலான இடத்தில் நான்கு மீட்டர் வைத்திருந்தால் அதிர்வு ஓயவே ஓயாது. ஓயாத அதிர்வு சிறிது நேரத்தில் தோலுக்குப் பழகி, பின் உண்மையான எச்சரிக்கையும் உணரப்படாமல் போகும். குறுகிய சந்தில் இருபுறச் சுவரும் அதிரவைத்துக்கொண்டே இருந்தால், கருவியை அணைத்துவிட்டு, கோலை மட்டும் நம்பி, ஒரு கையை முகத்துக்கு முன் காப்பாக வைத்து நடப்பதில் தவறொன்றும் இல்லை. கருவியை எப்போது அணைப்பது என்று தெரிந்தவரே அதை நன்றாகப் பழகியவர்.

சாலையைக் கடக்கும்போது

மேலே போட்ட கணக்கின்படி, சாலை கடப்பது காதின் வேலை. நடைபாதையின் விளிம்பில் நின்று, இணையாக ஓடும் வண்டிகளின் ஓசையும் குறுக்கே ஓடும் வண்டிகளின் ஓசையும் எப்போது மாறுகின்றன என்று கேட்டு, போக்குவரத்து விளக்கின் ஒரு சுற்று முழுவதும் காத்திருந்து, அடுத்த சுற்றின் தொடக்கத்திலேயே இறங்குவது பழைய முறை; இன்றும் அதுவே முறை. கருவியை இங்கே அணைத்துவிடுவதே என் பழக்கம். எதிரில் வருவோரால் அது அதிர்ந்து, கேட்கும் கவனத்தைக் கலைத்துவிடுகிறது.

மின்வாகனங்கள் இந்தக் கேட்கும் முறைக்கே சோதனையாக வந்தன. மெல்ல உருளும் மின்கார் ஏறத்தாழ ஓசையின்றி அருகில் வந்துவிடும். பார்வையற்றோர் அமைப்புகள் பல நாடுகளில் தொடர்ந்து வலியுறுத்தியதன் பயனாக இப்போது இதற்கு விதிகள் உள்ளன. ஐக்கிய நாடுகள் அவையின் 138-ஆம் எண் வாகன விதி, மின்வாகனமும் கலப்பின வாகனமும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், பின்னோக்கிச் செல்லும்போதும் செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து விற்கப்படும் புதிய வாகனங்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க விதியில் இந்த வேகம் 30 கிலோமீட்டர். அதற்கு மேல் டயர் தரையில் உரசும் ஓசையே போதும் என்பது அடிப்படை. ஆனால் விதிக்கு முன் வாங்கிய வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன; நின்றிருக்கும் வண்டி பல இடங்களில் ஒலி எழுப்புவதில்லை; மழை நாளில் ஈரத் தரையின் சளசளப்பில் மெல்லிய ஒலி மறைந்துபோகிறது. எனவே வாகன நிறுத்துமிடத்தின் வாயிலைக் கடக்கும்போதும், பின்னோக்கி எடுக்கும் வண்டிகள் உள்ள இடத்திலும், நின்று கேட்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்; கோலை உடம்போடு ஒட்டிப் பிடிக்காமல், ஓட்டுநர் கண்ணுக்குப் படும்படி முன்னே நீட்டிப் பிடியுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்றால் உதவி கேட்கத் தயங்காதீர்கள்.

கைப்பேசியின் வழிகாட்டும் செயலி நீங்கள் எந்தச் சந்திப்பில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். சாலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று உறுதியாகச் சொல்லாது. திறந்த வானத்தின் கீழேயே கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தவறக்கூடும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே பிழை இன்னும் கூடும். 'கடக்கலாம்' என்று செயலி சொல்வதைக் கேட்டு எவரும் காலை இறக்கக் கூடாது.

அன்றாடக் கவனிப்பு

சென்சாரின் முகத்தில் தூசியோ மழைத்துளியோ படிந்தால் கருவி ஓயாமல் அதிரும், அல்லது முற்றிலும் அமைதியாகிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் நாள்தோறும் துடையுங்கள். கூர்மையான எதையும் சென்சாரின் வலைக்குள் விடாதீர்கள். இரவில் கைப்பேசியுடன் சேர்த்தே கருவியையும் மின்னேற்றப் போடும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கோல் கீழே விழுந்தாலோ, கூட்டத்தில் யாராவது அதன்மேல் இடித்தாலோ, நடையைத் தொடரும் முன் நின்று, உள்ளங்கையைச் சென்சாருக்கு முன் நீட்டி அதிர்கிறதா என்று பாருங்கள். கையை எடுத்ததும் நிற்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று நடக்காவிட்டால், கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, இடக்கையை நெற்றிக்கு முன் மடித்து உயர்த்தி, வலக்கையில் கோலுடன் வீடு திரும்புங்கள்.